உள் ஒட்டு

“பிள்ளை கொடுக்க மனசில்லாதவன், பிள்ளை செய்யிற கையை மட்டும் எதுக்குத் தாயி கொடுத்தான்?”

அடைக்கலம் வேளார் இதை மூன்றாவது முறையாகக் கேட்டார்.

தாயி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். வேளாருக்கு மகளாக இருக்க வேண்டிய வயது. மலையடிவாரத்துக் கல்மண்டபத்தில் பத்து வருஷமாக இருக்கிறாள். எங்கிருந்து வந்தாள் என்று கேட்க நினைத்தவர்கள் எல்லோரும், கேட்காமல் தங்கள் கதையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

“ஏதாவது ஒரு பதிலைச் சொல்லு தாயி,” என்றாள் அடுப்படியில் இருந்த செவந்தி. மண்டபத்துக்கு வருகிறவர்களுக்குக் கஞ்சி காய்ச்சுவது அவள் வேலை. “கஞ்சி ஆறி ஆடை கட்டிப்போச்சு.”

“நான் கஞ்சிக்கு வரல.”

“தெரியுது. மூஞ்சியப் பார்த்தாலே சண்டைக்கு வந்த மாதிரித்தான் இருக்கு. சாமி வீட்டுல ஆளு இல்லைன்னு இங்க வந்துட்டீங்க.”

வேளார் அவளைப் பார்க்கவே இல்லை.

தாயி நிமிர்ந்தாள்.

“மடியில என்ன மூட்டை, வேளாரே?”

“மண்ணு.”

“என்ன மண்ணு?”

“மருதங்குளத்துப் பிடிமண்ணு.”

செவந்தியின் கையில் அகப்பை நின்றது.

மருதங்குளத்து வழக்கம் அது. திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னால், ஊர்த் தலைவரான அம்பலம் அய்யனார் கோயில் காட்டில் ஒரு பிடி மண் எடுத்து, ஊரார் பார்க்க வேளாரின் கையில் கொடுப்பார். அந்த மண்ணைத் தன் களிமண்ணோடு சேர்த்துப் பிசைந்த பிறகுதான் வேளார் வேலையில் உட்காருவார். குதிரை செய்வார். பிள்ளை செய்வார்.

பிள்ளை வரம் கேட்டு, கேட்டது கிடைத்தவர்கள், ஆளுக்கொரு மண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் அய்யனார் முன்னால் வைப்பார்கள். முழங்கால் உயரப் பிள்ளை. உள்ளே வெறும் கூடு.

பிடிமண் வாங்கிய வேளார் யாரும் அதைத் திருப்பிக் கொடுத்ததில்லை. கொடுத்தால் அந்தக் கைக்கு அந்த ஊரில் மறுபடி மண் கிடையாது.

“உச்சிப் பொழுதுக்கு அம்பலம் கோயில் காட்டுல இருப்பாரு,” என்றார் வேளார். “கொடுத்துட்டுப் போயிடலாம்னு கிளம்பிட்டேன். வழியில உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு தோணுச்சு. பூவாயி எது ஒண்ணுன்னாலும் இங்கதானே ஓடி வருவா.”

பூவாயி அவர் மனைவி. மாசியில் இறந்துபோனாள். இப்போது வைகாசி.

அமாவாசைதோறும் அவள் இந்த மண்டபத்துக்கு வருவாள். வேளார் வெளியே வாகை மரத்தடியில் நிற்பார். ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. கற்படி ஏறி அவர் உள்ளே வந்தது இன்றைக்குத்தான்.

“அவ உங்ககிட்ட என்ன கேப்பா, தாயி?”

“ஒண்ணும் கேக்க மாட்டா.”

“பின்ன?”

“கல் பொறுக்குவா.”

வேளார் முறத்தைப் பார்த்தார்.

“முப்பத்தாறு வருஷம்,” என்றார். “ஊருக்கெல்லாம் பிள்ளை செஞ்சோம். எங்க வீட்டுல தொட்டில் கட்டுற விட்டம் சும்மாவே கிடந்துச்சு. அவ அதுல வெங்காயத்தைக் கட்டித் தொங்கவிட்டா.”

தாயி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“படைக்கிறவனுக்கும் நமக்கும் ஒரே வேலைடான்னு எங்கப்பா சொல்லுவாரு. அதை நம்பித்தான் மண்ணை மிதிச்சேன். ஒரே வேலை பார்க்கிறவனுக்கு, கூட வேலை பார்க்கிறவன் வீட்டு நினைப்பு வேணாமா? எனக்குத்தான் கொடுக்கல, போகட்டும். அவளையாவது விட்டு வெச்சிருக்கலாம்.”

“ம்.”

“செஞ்சவன் கை செஞ்ச பொருள்ல தெரியணும்ல, தாயி? இத்தனை வயசுக்கு நான் அவன் கையை எங்கேயும் பார்க்கல.”

தாயியின் விரல் ஒரு கல்லின்மேல் நின்றது.

“நீங்க செஞ்சதுல உங்க கை தெரியுமா?”

“தெரியாது. நல்ல வேலையில கை தெரியக் கூடாது. ஈரத்துணியால வழிச்சிடுவேன்.”

“சாமி மட்டும் வழிக்காம விடணுமாக்கும்,” என்றாள் செவந்தி அடுப்பைப் பார்த்தபடி.

வேளார் மடியில் இருந்த மூட்டையை இறுக்கிக்கொண்டார்.

தாயி கல்லை எடுத்து வெளியே போட்டாள்.

“கோபத்துலதான் மண்ணைத் திருப்பிக் கொடுக்கிறீங்களா?”

“கோபம் இருக்கு. ஆனா அதுக்காக இல்ல.”

“பின்ன எதுக்கு?”

“முடியல, தாயி.”

அவர் தன் வலது கையை நீட்டினார். பெரிய கை. கணுக்கள் தடித்து, விரல்கள் முழுதாக மடங்காத கை.

“மண்ணைத் திரிச்சு வளையம் வளையமாத்தான் பிள்ளையை எழுப்புவோம். ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவுல ஒட்டு இருக்கும். வெளி ஒட்டை நான் தேய்ப்பேன். உள் ஒட்டை அமுக்கணும்னா கழுத்து வழியாத்தான் கை போகணும். பிள்ளைக் கழுத்து எம்புட்டு இருக்கும்? என் கை போகாது. அவ கைதான் போகும்.”

“ம்.”

“உள்ள விட்டுக் கட்டைவிரலால அமுக்கி அமுக்கிக்கிட்டே மேல வருவா. கையை வெளிய எடுத்ததும் நான் தலையை வெச்சுடுவேன். அதுக்கப்புறம் உள்ள என்ன இருக்குன்னு செஞ்சவனுக்கே தெரியாது.”

அவர் முகத்தில் ஏதோ லேசாக நெகிழ்ந்தது.

“கட்டைவிரல் நகத்தை வெட்ட மாட்டா. நகம் பட்ட இடத்துல விரிசல் விடும்டீன்னு திட்டுவேன். ‘உள்ள யாரு வந்து பார்க்கப் போறா’ம்பா. முப்பத்தாறு வருஷமா இதே பேச்சு. ஒருநாளும் வெட்டினதில்ல. ஒருநாளும் விரிசல் விட்டதும் இல்ல.”

“இப்ப?”

“சித்திரையில வேற ஊருக்கு ஒண்ணு செஞ்சு பார்த்தேன். உள் ஒட்டு அமுக்காமலே தலையை வெச்சுட்டேன். சூளையில வெடிச்சுப்போச்சு. அடுத்ததுக்குக் குச்சியில துணியைச் சுத்தி உள்ள விட்டுத் தேய்ச்சேன். அதுவும் வயிறு பிளந்துபோச்சு.”

தாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

“சும்மா மண்ணு இல்ல, தாயி. ஒரு வீட்டுப் பிள்ளை பேரைச் சொல்லிச் செஞ்சது. அதைச் சாம்பலுக்குள்ள இருந்து துண்டு துண்டா வாரி எடுக்கிறப்ப...”



“வேற கை கிடைக்கலையா?”

“தங்கச்சி மகளைக் கூப்பிட்டேன். மாட்டேன்னுட்டா. கொழுந்தியாளும் மாட்டேன்னுட்டா. பிள்ளை இல்லாம செத்தவ கை வெச்ச இடத்துல கை வெக்க பயமா இருக்காம்.”

செவந்தி அடுப்பில் விறகை உள்ளே தள்ளினாள்.

“இந்த வருஷம் பதினோரு பேர் பிள்ளை கேட்டிருக்காங்க,” என்றார் வேளார். “பதினோரு வீட்டுப் பிள்ளையை நான் வெடிக்க வைக்க மாட்டேன்.”

தாயி எழுந்தாள்.

“வாங்க. நானும் வர்றேன்.”

“எங்க?”

“மண்ணைக் கொடுக்கத்தானே போறீங்க.”

“அரிசி?” என்றாள் செவந்தி.

“நீ பொறுக்கு.”

கோயில் காடு மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம். வெயில் ஏறியிருந்தது. தாயி முன்னால் போனாள். வேளார் பின்னால் போனார்.

மூட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு மார்போடு சேர்த்துப் பிடித்தார். கண்மாய்க் கரை ஏறும்போது பார்த்தால், தோளில் கிடந்த துண்டு மூட்டையின்மேல் கிடந்தது. வெயில் படாமல் தானேதான் அதைப் போர்த்தியிருக்க வேண்டும். எப்போது போர்த்தினார் என்று அவருக்கு நினைவில்லை.

துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

சாத்தையா அம்பலம் காட்டின் வாசலில் குடையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“வாங்க வேளாரே. தாயியும் வந்துட்டாளா. அப்ப நான் சொன்னா கேக்காதவரு தாயி சொன்னாலும் கேக்கலைன்னு அர்த்தம்.”

“அவங்க ஒண்ணும் சொல்லல,” என்றார் வேளார்.

“அதான் பார்த்தேன்.” அம்பலம் குடையை மடக்கினார். “நல்லா யோசிச்சுட்டீங்களா? வெச்சா வெச்சதுதான். மறுபடி வந்து நின்னா நானே கொடுத்தாலும் ஊரு ஒத்துக்காது.”

“தெரியும்.”

“என் மக பிள்ளைக்கும் ஒண்ணு சொல்லியிருந்தேன். போன வாரம்தான் பேர் வெச்சோம்.” அம்பலத்தின் குரல் தணிந்தது. “பரவாயில்ல. தேங்காயை உடைச்சுக்கிறோம். சாமி கோவிச்சுக்க மாட்டாரு. என் மகதான் கோவிச்சுக்குவா.”

வேளார் தலை குனிந்துகொண்டார்.

“இங்க எடுத்த மண்ணுதான். இங்கயே போட்டுடுங்க,” என்றார் அம்பலம், இலுப்பை மரத்தடியைக் காட்டி.

காட்டுக்குள் இரண்டு பக்கமும் மண்குதிரைகள் நின்றன. அவற்றுக்குப் பின்னால் பிள்ளைகள். புதிய பிள்ளைகள் முன்வரிசையில் சிவப்பாக நின்றன. பின்னால் போகப் போக நிறம் மங்கியது. கை உடைந்த பிள்ளை. காது போன பிள்ளை. பாதிவரை மண்ணில் புதைந்து, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த பிள்ளை.

வைத்த பிள்ளையை யாரும் தொடக் கூடாது. விழுந்தால் விழுந்த இடத்தில் கிடக்கும். உடைந்து, நொறுங்கி, மிதிபட்டு மண்ணாகும். அந்த மண்ணில்தான் அடுத்த பிடிமண் எடுப்பார்கள்.

தாயி வரிசைகளுக்கு நடுவே நடந்தாள்.

“இதுல உங்க பிள்ளை எது, வேளாரே?”

“அந்த வேலமரத்துல இருந்து இந்தக் கடைசி வரைக்கும்.”

“பூவாயி பிள்ளை?”

வேளார் நின்றார். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

“அதேதான்,” என்றார்.

“எப்படித் தெரியும்?”



தாயி ஓர் இடத்தில் உட்கார்ந்தாள். போன ஐப்பசி மழையில் ஒரு கிளை முறிந்து விழுந்திருந்தது. அதன் அடியில் ஒரு பிள்ளை குப்புறக் கிடந்தது. முதுகு நீளத்துக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது.

அவள் அதைத் தொடவில்லை.

“இங்க வாங்க.”

வேளார் வந்து குனிந்தார். முதலில் வெளிப்பக்கத்தைத்தான் பார்த்தார். பழக்கம். வழவழப்பாக இருந்தது. நல்ல வேலை. யார் கையும் தெரியவில்லை.

பிறகு உள்ளே பார்த்தார்.

உள்ளே நிழல். இரண்டு எறும்புகள். வேறொன்றும் தெரியவில்லை.

கண் பழகிய பிறகு தெரிந்தது.

கட்டைவிரல் அமுக்கிய குழிகள். ஒன்றை அடுத்து ஒன்று. வளையத்துக்கு மேல் வளையமாக, இடுப்பிலிருந்து கழுத்துவரை. ஒரு விரற்கடைகூட விடாமல். ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் ஒரு சின்னப் பிறை.

நகம்.

வேளார் மண்டியிட்டார்.

முகத்தை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். அப்போதுதான் இன்னொன்றைப் பார்த்தார்.

பிள்ளையின் நெஞ்சுக்கு உள்பக்கத்தில், கட்டைவிரல் குழிகளின்மேல், ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. ஐந்து விரல்களும் விரிந்து, முழுதாக, மெதுவாக வைத்து எடுத்த கை.

அந்த இடத்தில் ஒட்டை அமுக்கி முடித்தாயிற்று. அங்கே மறுபடி கை வைக்க வேண்டிய வேலையே இல்லை.

வேளார் எழுந்தார். வரிசைக்குள் வேகமாகப் போனார். பக்கவாட்டில் உடைந்த ஒரு பிள்ளையிடம் குனிந்து பார்த்தார். இருந்தது. தோள் போன ஒன்றின் பொந்து வழியாகப் பார்த்தார். இருந்தது. அதற்கும் பழையது ஒன்று, பாதி மண்ணுக்குள். நெஞ்சுப் பகுதி மட்டும் ஓடாகக் கிடந்தது. அதிலும் இருந்தது. அந்தக் கை இன்னும் சிறிதாக, இளையதாக இருந்தது.

ஒவ்வொரு பிள்ளைக்கும், கையை வெளியே எடுப்பதற்கு முன்னால், அவர் தலையைக் கொண்டுவந்து வைத்து மூடுவதற்கு முன்னால், பூவாயி வைத்த கை.

பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். முப்பத்தாறு வருஷம். நேரமாச்சு, கையை எடுடீ என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

வேளார் அந்த ஓட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் அழுதது சத்தமில்லாமல் இருந்தது. தோள் மட்டும் குலுங்கியது. அம்பலம் மடக்கிய குடையை மறுபடி விரித்து, யாருக்கு என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

இலுப்பை மரத்தில் ஒரு செம்போத்து கத்தியது. பிறகு நிறுத்திவிட்டது.

தாயி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“கையைக் காட்டுங்க.”

அவர் காட்டினார்.

“உள்ளங்கையை.”

அவர் திருப்பினார். வெடிப்புகளில் களிமண் ஏறிய உள்ளங்கை. அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்.

“அவன் கையை எங்கேயும் பார்க்கலன்னீங்களே. இதெல்லாம் யாரு நகம், வேளாரே?”

வேளார் தன் கையைப் பார்த்தார். அது தன்னுடையது இல்லை என்பதுபோலப் பார்த்தார்.



“கோபம் போகல, தாயி,” என்றார்.

“போக வேண்டாம்.”

“அவளுக்கு ஒண்ணு கொடுத்திருக்கலாம்.”

“ஆமா,” என்றாள் தாயி. “கொடுத்திருக்கலாம்.”

அவள் கண்ணும் நனைந்திருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

அம்பலம் தொண்டையைச் செருமினார்.

“உச்சி தாண்டப் போகுது, வேளாரே. மண்ணை வைக்கிறீங்களா?”

மூட்டை வேளாரின் மடியில் இருந்தது. அவர் அதை அவிழ்த்தார். ஒரு பிடி மண். நுணுங்கிய சிவப்பு ஓட்டுத் துகள்கள் அதில் கலந்துகிடந்தன. இதற்கு முன்னும் எத்தனையோ முறை அதைப் பார்த்திருக்கிறார். இப்போது விரலால் தொட்டுப் பார்த்தார்.

மூட்டையை மறுபடி முடிந்துகொண்டார்.

“இந்தக் கை போகாதே, தாயி,” என்றார். கேட்பதுபோல் இல்லை. யாரிடமோ குறைப்பட்டுக்கொள்வதுபோல் இருந்தது.

தாயி தன் வலது கையை அவர் முன்னால் நீட்டினாள்.

“இது போகுமா, பாருங்க.”

“தாயி,” என்றார் அம்பலம். “அது பிள்ளை இல்லாம போனவ கை வெச்ச இடம். பொம்பளைங்க...”

“எனக்குத் தெரியும், அம்பலம்.”

வேளார் அந்தக் கையைப் பார்த்தார். தன் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து, பிள்ளைக் கழுத்தின் அளவுக்கு ஒரு வட்டம் பிடித்தார். தாயி விரல்களைக் குவித்து அதற்குள் விட்டாள்.

கை மணிக்கட்டுவரை போனது.

“எப்படி அமுக்கணும்னு எனக்குத் தெரியாது,” என்றாள் தாயி. “நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும்.”

வேளார் தலையாட்டினார்.

அவள் கையை வெளியே எடுத்தாள். விரல்களை விரித்துப் பார்த்தாள்.

“நகம் வளர்ந்து கிடக்கு. வெட்டிட்டு வரட்டுமா?”

வேளார் மூட்டையை மார்போடு சேர்த்துக்கொண்டு எழுந்தார். துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினார்.

“வேண்டாம், தாயி,” என்றார். “உள்ள யாரு வந்து பார்க்கப் போறா.”